சத்தம் போடும் வின்ச்

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் போனில் "ம்" என்பாய், அதனால் நலமென்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிக்காதே. போன மாதம் மூன்று முறை போன் போட்டேன். படகு என்று நான் வாயைத் திறந்ததுமே "அண்ணி, இங்க சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டாய். அதெப்படி அப்பா, உன் அம்மாவின் முழங்கால் பற்றிப் பேசும்வரை இருக்கிற சிக்னல், படகு என்றதும் ஓடிப்போகிறது? காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அத்தைக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறார்கள். மதியம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கண்ணசருகிறார்கள், அவ்வளவுதான் அவர்களுடைய தூக்கம். எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இரண்டு பள்ளிக்கூடங்களின் சீருடைகளை ஒப்புக்கொண்டுவிட்டு முழி பிதுங்கி நிற்கிறேன்.

உன் அண்ணன் மகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வைத்த 'வாயாடி' என்ற பெயருக்கு ஒரு பங்கமும் வராமல் வளர்ந்திருக்கிறாள். பத்தொன்பது முடிந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படகு ஓட்டும் உரிமம் வாங்கி வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்ஜினைக் கழற்றிக் கொட்டகை முழுக்கப் பரப்பி, பதினைந்து நாளில் திரும்பப் பூட்டியும்விட்டாள். முதல் இழுப்பிலேயே ஓடியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. காற்றுக் காலம் முடிந்ததும் படகை இறக்கி வலை போடப் போகிறாளாம். ஐஸ் கம்பெனிக்காரர் மகள் துணைக்கு வருகிறாளாம். நான் கரடியாகக் கத்திப் பார்த்தேன். "நீ தைக்கிற, நான் தண்ணிக்குப் போறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்மா" என்கிறாள். அப்படியே அவள் அப்பா.

தண்ணீரில் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயம் கரையில்தான். தினமும் மதியம் படகைத் திரும்பக் கரைச் சரிவுக்குக் கொண்டுவந்து டிரெய்லரில் ஏற்றியாக வேண்டும், தண்ணீரில் விட்டால் கல்லில் அடித்துப் போகும். அப்போது ஒருத்தி முன்னால் நின்று வின்ச்சைச் சுற்றிப் படகை மேலே இழுப்பாள், ஒருத்தி படகுக்குப் பின்னால் நின்று நேராகப் பிடிப்பாள்.

உன் அண்ணனும் அப்படித்தான் பின்னால் நின்றார். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

அதே வின்ச்தான் இன்னும் டிரெய்லர் முகப்பில் இருக்கிறது. மூன்று வருடமாக யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டார், கொடுக்க மனம் வரவில்லை. கொட்டகையைப் பெருக்கப் போகும்போது அதைப் பார்க்காமல் பெருக்கப் பழகிவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கைப்பிடி எப்போதும் கீழே தொங்கிக்கொண்டு இருக்கும். போன வாரம் போனபோது மேலே பார்த்து நின்றது. வாயாடியைக் கேட்டேன். "நான் அந்தப் பக்கமே போகலம்மா" என்று அடித்துச் சொன்னாள். நானே கீழே இறக்கிவிட்டு வந்தேன். நேற்றுப் போனேன், மறுபடி மேலே நிற்கிறது.

அதனால் புது வின்ச் வாங்க வேண்டும். எது நல்லது, எத்தனை கிலோ இழுக்க வேண்டும், கம்பியா பெல்ட்டா, எனக்கு இதெல்லாம் தெரியாது. வாயாடியைக் கேட்டால் விலை குறைந்ததைக் காட்டுகிறாள். இந்த வேலையில் உன்னைவிடத் தெரிந்த ஆள் எனக்கு யாருமில்லை. அந்த நாளைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். வின்ச்சைப் பற்றி மட்டும் எழுது, போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த வலது மணிக்கட்டில் பாரம் தூக்காதே.

இப்படிக்கு,
அண்ணி


வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. பிரித்ததும் உன் கையெழுத்தைப் பார்த்தேன், எல்லா எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை என்று அப்போதே நினைத்தேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், முழுக்க வின்ச். "அண்ணிக்கு வணக்கம்" என்பதிலிருந்து நேரே பல்சக்கரத்துக்குத் தாவிவிட்டாய். நான்தானே அப்படி எழுதச் சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை நீ ஒருவன்தான் இந்த வீட்டில்.

நீ எழுதியதை வாயாடி சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். படகு, இன்ஜின், வலை, பெட்ரோல், அடியில் தேங்கிய தண்ணீர், எல்லாம் சேர்ந்த முழு எடையையும் இழுக்கிற வின்ச் வேண்டும், டிரெய்லரில் உருளை இருக்கிறது, பாதி எடை இழுத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள் என்று எழுதியிருந்தாய். கம்பி வேண்டாம், அறுந்தால் சாட்டையாக அடிக்கும், பெல்ட் வாங்குங்கள் என்றும் எழுதியிருந்தாய். முக்கியமாக, பிரேக் உள்ளதாகப் பார்க்கச் சொன்னாய். கையை விட்டாலும் அது தானே பிடித்துக்கொள்ளும், பழையதில் மாதிரி, பல்சக்கரத்தில் டிக் டிக்கென்று விழுந்து பிடிக்கிற நாக்கைப் போட்டோமா இல்லையா என்ற கவலையே கிடையாது என்று. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். பேனா அழுந்தி மறுபக்கம் தெரிகிறது.

அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க ஒரு சட்டைகூட ஒழுங்காகத் தைக்கவில்லை.

நேற்று நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். மேம்பாலத்துக்குக் கீழே, பம்பு செட்டும் சங்கிலியும் விற்கிற பெரிய கடை. கடைக்காரர் தொப்பையைக் கல்லாவில் சாய்த்துக்கொண்டு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பொம்பளைங்க ரெண்டு பேரா, அப்போ கரண்ட் வின்ச்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். பேட்டரியில் ஓடுமாம், பொத்தானை அமுக்கினால் போதுமாம். வாயாடி விடுவாளா? "தண்ணியில நிக்கிறப்ப பேட்டரி தீந்துட்டா நீங்க வந்து தள்ளுவீங்களா அண்ணே?" என்று கேட்டாள். மனிதர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினார்.

பிரேக் உள்ளதில் இரண்டு எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றைச் சுற்றிக் காட்டினார். டிக், டிக், டிக், டிக். தம்பி, அந்தச் சத்தத்தை மூன்று வருடம் கழித்து நேருக்கு நேராகக் கேட்கிறேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாயாடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நினைவு என்று நினைத்திருப்பாள்.

நான் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கடைக்காரர் இன்னொன்றை எடுத்தார். "அக்கா, இது புது மாடல். துளி சத்தம் வராது. வீட்ல பெரியவங்க தூங்கிட்டு இருந்தாக்கூட தெரியாது" என்று சொல்லிச் சுற்றினார். கைப்பிடி சுற்றுகிறது, பெல்ட் இழுபடுகிறது, சத்தமே இல்லை.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் திறந்தபோது கடை வாசலில் ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பயந்துபோய் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், பாவம். காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில நாளாக மதியம் மிஷினில் தைத்துக்கொண்டிருக்கும்போது மிதிப்பதை நிறுத்துகிறேன். மிஷின் நின்றுவிடுகிறது. கொட்டகைப் பக்கமிருந்து இரண்டு டிக் கேட்கிறது, பிறகு மூன்றாவது வரவில்லை. அந்த மூன்றாவதுக்காக ஊசியைப் பிடித்தபடி காத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத்தான் பிரமை என்று தள்ளிவிடலாம். ஆனால் இன்று அத்தை தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "பெரியவன் வந்துட்டான் போல, சத்தம் கேட்டுச்சே. சோத்த எடுத்து வை" என்றார்கள். நான் எழுந்து போய்த் தட்டையும் எடுத்துவிட்டேன். வாயாடி அப்போது வெளியே போயிருந்தாள்.

கொட்டகைக்குப் போய்ப் பார்க்கவில்லை. கைப்பிடி எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் தம்பி. இன்று முடியவில்லை. இரண்டு நாள் கொடு.

இப்படிக்கு,
அண்ணி


செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு நாள் கேட்டு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கேட்டார். நான் சுவரோரம் நின்றேன். நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம். "கண்ணுல மழத்தண்ணி விழுந்துச்சு சார், தொடைக்கக் கைய விட்டேன். அவ்ளோதான், கைப்பிடி சுத்தி அடிச்சிருச்சு, படகு பின்னால அண்ணன் மேல ஓடிருச்சு. டிக் டிக்குன்னு சத்தமே கேக்கல சார். நான்தான் நாக்க போடாம சுத்தியிருக்கேன்." அவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை உன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "கைய ஏன்டா விட்ட, கைய ஏன்டா விட்ட" என்று கேட்டார்கள். அந்த மாதம் முழுக்க அதே கேள்விதான். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் வாசல்வரை வந்தேன். போகாதே என்று சொல்லவில்லை.

தம்பி, நீ நாக்கைப் போட்டிருந்தாய்.

யோசித்துப் பார். நாக்கைப் போடாமல் அத்தனை கனத்தைப் பாதி தூரம் ஏற்ற முடியுமா? முதல் கை மாற்றும்போதே கைப்பிடி திருப்பி அடித்திருக்காதா? எட்டு வருடம் அந்த வின்ச்சைச் சுற்றியவனுக்கு இது தெரியாதா? துக்கத்தில் உனக்கு யோசனை ஓடவில்லை, வேறு யாருக்கும் ஓடவில்லை. எனக்கு மட்டும் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. சத்தம் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய வாரம் அத்தைக்கு வலி அதிகமாகி மதியத் தூக்கமும் போய்விட்டது நினைவிருக்கிறதா? கண் சொருகும் நேரத்துக்குச் சரியாக நீங்கள் இருவரும் வந்து படகை ஏற்றுவீர்கள். ஜன்னலுக்கு நேரே டிக் டிக். அவர்கள் தூக்கிப் போட்டு எழுந்து உங்கள் இருவரையும் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார்கள். நீங்கள் இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரிப்பீர்கள். திட்டு முழுவதும் முடிகிறவரை பக்கத்தில் இருந்து கேட்கிறவள் நான். இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று காலை நீங்கள் தண்ணீருக்குப் போயிருந்தீர்கள், டிரெய்லர் சரிவில் நின்றது. நான் போய் அந்த நாக்கின் நுனியை அளந்தேன். தையற்காரி இல்லையா, டேப் கழுத்திலேயே இருக்கும். கறுப்பு ஃபிளானல் துண்டில் இரண்டு மடிப்பு வைத்து, விரலுக்கு உறை போடுவது மாதிரி ஒன்று தைத்து மாட்டினேன். கழன்று விழக்கூடாது என்று அடியில் ரப்பர் நாடாவும் வைத்துத் தைத்தேன். கிரீஸோடு கிரீஸாக, வெளியே தெரியவே இல்லை. வெறும் பெல்ட்டை இழுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். சத்தம் இல்லை, பிடிக்கவும் பிடித்தது. என்ன ஒரு பெருமை எனக்கு! சாப்பிட உட்காரும்போது சொல்லி உங்கள் இருவரையும் அசத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குழம்பு வைத்தேன்.

வெறும் பெல்ட்டைப் பிடித்தது. மழைத் தண்ணீர் நிறைந்த படகைப் பிடிக்கவில்லை. துணி தடித்திருந்ததால் நாக்கு பல்லுக்குள் முழுசாக இறங்கவில்லை. நீ சுற்றியவரை அந்த நுனிப் பிடியும் உன் கையும் சேர்ந்து தாங்கின, கையை எடுத்ததும் வழுக்கிவிட்டது.

மட்டமாகத் தைத்திருந்தால் நாலு சுற்றில் கிழிந்து விழுந்திருக்கும். நான் நன்றாகத் தைத்துவிட்டேன்.

மறுநாள் போலீஸ்காரர் டிரெய்லரைப் பார்க்க வருகிறார் என்றார்கள். அவர் வருவதற்கு முன் போய் நூல் வெட்டும் கத்திரியால் அதை வெட்டி எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. மூன்று வருடமாக மிஷின் இழுப்பறையில் பாபின்களுக்கு அடியில் கிடக்கிறது. ஒவ்வொரு பாபின் எடுக்கும்போதும் விரல் அதில் படும். நீ கையை விட்டதால்தான் என்று அத்தை அழும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். இதற்கு என்ன பெயர் சொல்வாயோ சொல், ஏற்றுக்கொள்கிறேன். பயம், தம்பி. மகள் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்கிற பயம். உன் அண்ணனுக்கு அது தெரிந்திருக்குமோ, கடைசி நொடியில் சத்தம் வராததைக் கவனித்திருப்பாரோ என்கிற பயம் அதைவிடப் பெரியது. கொட்டகையில் கேட்கிற அந்த இரண்டு டிக் என்னைத்தான் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

கடையிலிருந்து வந்த மறுநாள் வாயாடியிடம் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுவதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. வாய் ஓயாத பெண் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வைத்த சோறு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பழைய வின்ச்சைக் கழற்றி என் மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதனால சித்தப்பா மூணு வருஷமா ஊர விட்டு அங்க கெடக்காரும்மா" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். பிறகு, "நான் கூப்ட்டா எதுக்குன்னு கேப்பாரு. நீதான் எழுதணும்" என்றாள். என்னை இன்னும் அவள் நேராகப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நம்புகிறேன்.

அத்தைக்குச் சொல்லவில்லை. அவர்கள் தூங்க வேண்டும் என்றுதான் அதைத் தைத்தேன் என்று தெரிந்தால் அவர்கள் தாங்குவார்களா? சொல்லாவிட்டால் உன்மேல் அந்தப் பழி அப்படியே நிற்கும். சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை எனக்கு இல்லை, உனக்குத்தான் இருக்கிறது. நீ வந்து எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன். அவர்கள் முன்னால் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

இத்துடன் அந்த உறையை வைத்திருக்கிறேன். நுனியில் பார், பல் பதிந்த தடம் இரண்டு இருக்கிறது. நாக்கு பல்லில் விழுந்திருக்கிறது. போடாத நாக்கில் தடம் விழாது. எப்போதாவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்.

புது வின்ச் வந்துவிட்டது. நீ சொன்ன எடை, பெல்ட், பிரேக். மறுபடி கடைக்குப் போனபோது சத்தம் வராததைத் திரும்பக் காட்ட வந்தார் கடைக்காரர், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடுவது எதுவோ அதைக் கொடுங்கள் என்றேன். இந்தப் பொம்பளைக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். பிரேக் தட்டில் எண்ணெய் படக்கூடாது என்று நீ எழுதியதை அவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டாள் வாயாடி. பெட்டி பிரிக்காமல் டிரெய்லர் மேல் இருக்கிறது. நாலு போல்ட்டையும் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறாள். நீ வந்து மாட்டாமல் படகை இறக்க மாட்டாளாம். உன் வாயாடி பிடித்தால் குரங்குப் பிடி என்று உனக்குத் தெரியும். காற்று அடங்க இன்னும் மூன்று வாரம்தான்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம். மதியம் வா. வீட்டுக்குள் வராமல் நேரே கொட்டகைக்குப் போ. மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்று, நன்றாகச் சத்தம் வரச் சுற்று. நான் உள்ளே மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இரண்டு டிக்குக்குப் பிறகு மூன்றாவது கேட்டால் நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். அத்தை தூக்கம் கலைந்து எழுந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டட்டும். நான் தடுக்க மாட்டேன்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கை குணமாக வேண்டும். அது ஒரு தப்பும் செய்யாத கை.

இப்படிக்கு,
உன் அண்ணி